கன்னம் ஒட்டிய பாட்டில்கள்

அலுவலகக் கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் வரும் எந்தச் சங்கடமும் நடந்திருக்காது. போட்டியில் கலந்துகொண்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பல்வலி தாங்காமல் பாதியில் எழுந்து போய்விட்டார். ஆனாலும் பரிசு பரிசுதான். அன்றிலிருந்து, எழுத்தாளனாகப் பிறந்து விதிவசத்தால் குமாஸ்தாக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவன் என்றே என்னை நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது அவசரகாலக் கையிருப்பு இயக்ககத்தில். பதவி, இருப்பு ஆய்வாளர். ஊருக்கு ஆபத்து வந்தால் கொடுப்பதற்கென்று போர்வை, கைவிளக்கு, தார்ப்பாய், குடிதண்ணீர் எல்லாம் வாங்கிக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை நான் போய் எண்ணிப் பார்த்து, வாங்கியது வாங்கியபடியே இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பதினெட்டு வருடமும் "இருப்பு சரி" என்ற இரண்டே சொற்களை எழுதி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எனக்கு இரண்டு சொல் போதவில்லை.

அந்த வருடம் தண்ணீர்க் கிடங்கின் முறை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு லிட்டர் பாட்டில்கள் நாற்பதாயிரம், நான்கு வருடங்களாக மரப்பலகைகளின் மேல் வரிசை வரிசையாக நின்றிருந்தன. கிடங்குக்குப் பொறுப்பானவரை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பில் பதினேழு சாவிகள் தொங்கும். அவர் வருவது தெரிவதற்கு முன்பே கேட்டுவிடும்.

"சார், பாட்டிலெல்லாம் ஒரு மாதிரி உள்ள ஒடுங்கிப் போயிருக்கு," என்றார் சாவியக்கா. "போன தடவை வந்தவர்கிட்டயும் சொன்னேன். அவர் காதுலயே வாங்கல. நீங்களாவது எழுதிக்கோங்க."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மூடியும் மூடியைச் சுற்றிய வளையமும் தொழிற்சாலையில் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் குழி விழுந்து, தோள் இறங்கி, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கீழ் வரிசையில் இருந்தவை மேலே உள்ளவற்றின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து இன்னும் மோசமாக நெளிந்திருந்தன.

"சில பாட்டில்கள் நெளிந்துள்ளன, சீல் உடையவில்லை" என்று எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குள் இருந்த இரண்டாம் பரிசு சும்மா இருக்கவிடவில்லை. இப்படி எழுதினேன்:

"நான்கு ஆண்டுத் தனிமையில் இக்கலன்கள் மெலிந்து, கன்னம் ஒட்டி, தம் உயிர்நீரை யாரோ உறிஞ்சிவிட்டதைப் போல வாடி நிற்கின்றன."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். எதையும் மில்லி கணக்கில் யோசிப்பாள்.

"'யாரோ' எதுக்கு?" என்றாள்.

"அழகுக்கு."

"அழகுக்குன்னா சரி," என்றுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். என் அறிக்கை அவர் மேசைமேல் விரிந்து கிடந்தது. 'யாரோ' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கட்டுரைப் போட்டி நடுவர்கூட என் எழுத்தை அத்தனை கவனமாகப் படித்ததில்லை என்பதால் முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"உக்காருங்க," என்றார் இயக்குநர். "யாரு அது?"

"எது சார்?"

"உயிர்நீரை உறிஞ்சின ஆளு."

"அது உவமை சார். 'போல'ன்னு போட்டிருக்கேன் பாருங்க."

பக்கத்து நாற்காலியில் எங்கள் சட்ட ஆலோசகர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். அதை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "'போல'ன்னு போட்டா குற்றம் கொஞ்சம் குறையும் சார். இல்லாமப் போகாது."

"சீல் உடைஞ்சிருக்கா?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு பயபக்தி தெரிந்தது. "சீலை உடைக்காமக் குடிச்சிருக்கான். சாதாரண ஆள் இல்ல."

மறுவாரமே குழு அமைந்தது. 'நெகிழிக் குடிநீர்க் கலன் உருமாற்ற விசாரணைக் குழு' என்று பெயர். பெயர்ப்பலகையில் இடம் போதாமல் 'குழு'வைப் பின்பக்கம் எழுதினார்கள். தலைவர் இயக்குநர். உறுப்பினர் சட்ட ஆலோசகர். தண்ணீர் விஷயம் தெரிந்த நிபுணர் ஒருவர் வேண்டும் என்று கேட்டதற்குப் பாலம் கட்டும் பொறியாளர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது அல்லவா, அந்தத் தகுதி. குற்றத்தை முதலில் கண்டுபிடித்தவன் என்ற முறையில் நான் செயலாளர். குற்றமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் செயலாளருக்குத் தனி மேசையும் மின்விசிறியும் தருவதாகச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

தொடக்கக் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து பேசினார். அதை நானே குறிப்பெடுத்ததால் ஒரு சொல் மாறாமல் சொல்ல முடியும்.

"இந்த இயக்ககம் தொடங்கி முப்பத்தொரு வருஷம் ஆச்சு. இதுக்குள்ள ரெண்டு வெள்ளம், ஒரு பெரிய தீ விபத்து, மண்சரிவு ஒண்ணு. எதுக்காவது நாம ஒரு பொருளை வெளிய விட்டிருக்கோமா? வெள்ளத்தப்ப இந்த வாசல்ல வந்து அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா கை அசையல. கையிருப்புன்னா என்ன அர்த்தம்? கையில இருக்கணும். குடுத்துட்டா அதுக்குப் பேரு வெறுங்கை. முப்பத்தொரு வருஷம் ஊருக்கே குடுக்காம காப்பாத்தின தண்ணியை எவனோ ஒருத்தன் மூடியைத் திறக்காமக் குடிச்சிட்டுப் போறான்னா, நாம யாருக்காகக் காப்பாத்தினோம்?"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன்.

முதல் வேலையாக எடை போட்டோம். அதே நிறுவனத்தின் புது பாட்டில் ஒன்றைக் கடையில் வாங்கி வந்து ஒரு தட்டில் வைத்தோம், கிடங்கு பாட்டிலை மறு தட்டில் வைத்தோம். கிடங்கு பாட்டில் நாற்பது கிராம் குறைவு. இன்னொன்றை வைத்தோம். முப்பத்தெட்டு. இன்னொன்று, நாற்பத்தொன்று. பாலப் பொறியாளர் காகிதத்தில் பெருக்கிப் பார்த்து நிமிர்ந்தார்.

"ஆயிரத்து அறுநூறு லிட்டர்."

"ஒரு சின்ன லாரித் தண்ணி!" என்றார் சட்ட ஆலோசகர். "லாரி எந்த வழியா வந்தது?"

வாசல் பதிவேட்டைப் புரட்டினார்கள். நான்கு வருடத்தில் கிடங்குக்குள் எந்த லாரியும் வரவில்லை. லாரியே வராமல் ஒரு லாரித் தண்ணீரைக் கொண்டுபோயிருக்கிறான் என்றதும் திருடனின் மேல் குழுவுக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காகியது.

ஒரு பாட்டிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். "குடிக்கத் தகுந்தது" என்று பதில் வந்தது. இயக்குநருக்குக் கோபம். "தகுந்ததா இல்லையான்னு யார் கேட்டா? குடிச்சது யாருன்னுதானே கேட்டோம்?" அந்தக் கடிதத்தைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் தைக்கச் சொன்னார்.

அடுத்து சாவியக்காவை விசாரித்தார்கள். அந்த அறையில் இருந்த மூன்று நாற்காலியிலும் குழு உட்கார்ந்திருந்ததால் அவர் நின்றார். நான் செயலாளர் மேசையில், மின்விசிறிக்குக் கீழே.

"ஒரு நாளைக்கு நீங்க எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார் சட்ட ஆலோசகர்.

"தாகம் எடுக்கிற அளவு சார்."

"எங்கேருந்து குடிப்பீங்க?"

"வீட்டுலேருந்து கொண்டு வருவேன்."

சட்ட ஆலோசகர் பேனா மூடியைக் கீழே வைத்தார். "கிடங்கு முழுக்கத் தண்ணி. நாப்பதாயிரம் பாட்டில். அதை வெச்சுக்கிட்டு வீட்டுலேருந்து தண்ணி சுமந்துக்கிட்டு வரீங்க. எங்களை நம்பச் சொல்றீங்களா?"

"அது கையிருப்பு சார். தொடக் கூடாதுன்னு நீங்கதானே பெருசா எழுதி ஒட்டியிருக்கீங்க."

"எழுதி ஒட்டினதை ஏன் படிச்சீங்க?" என்றார் இயக்குநர்.

சாவியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறிப்பெடுப்பதில் மும்முரமானேன். குறிப்பேட்டில் அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு பூ வரைந்திருக்கிறது.

வெளியே வந்ததும் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். குரல் உயரவில்லை. "இருபத்தாறு வருஷமா என் கணக்குல ஒரு குண்டூசி குறைஞ்சதில்ல சார். இப்ப பக்கத்து வீட்டுக்காரி குடம் தூக்கிக்கிட்டுப் போகும்போது, 'உங்களுக்கென்னக்கா, தண்ணிக் கஷ்டமே இல்ல'ன்னு சிரிச்சுட்டுப் போறா. இன்னும் மூணு வருஷம் இருக்கு எனக்கு. திருடின்னு பேரு வாங்கிட்டு வீட்டுக்குப் போகணுமா?"

"நான் பாத்துக்கறேன்க்கா," என்றேன். இந்த இயக்ககத்தில் 'பாத்துக்கறேன்' என்றால் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பொருள்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்:

"இதுக்கா குழு போட்டீங்க? பிளாஸ்டிக் வழியா தண்ணி ஆவியா வெளிய போகும்ங்க. நம்ம கண்ணுக்குத்தான் அது அடைப்பு. நீராவிக்கு அது ரொம்ப நெருக்கமா நெய்த துணி மாதிரி. ஒரு நாள்ல துளிகூடத் தெரியாது. நாலு வருஷம் தகரக் கூரைக்குக் கீழ வெச்சா போகாம என்ன செய்யும்? சூடு ஏற ஏற வேகமாப் போகும்."

"போனா போகட்டும். வடிவம் ஏன் மாறணும்?"

"உள்ள இருந்தது குறைஞ்சுபோச்சு. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து அதே வேகத்துல உள்ள வராது. உள்ள அழுத்தம் குறையுது, வெளியில இருக்கிற காத்து அப்படியே இருக்கு. அது சும்மா இருக்குமா? சுவரை அமுக்கும். மெல்லிசான பாட்டில், குழி விழும். எங்ககிட்ட வர்ற குளுக்கோஸ் பைக்கு மேல ஏன் இன்னொரு உறை போட்டு வருது? தண்ணி குறைஞ்சு மருந்தோட அளவு மாறிடக் கூடாதுன்னுதான். திருடனும் இல்ல, உறிஞ்சினவனும் இல்ல."

"அப்ப அந்தத் தண்ணி?"

"கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். ஆய்வுக்கூடம்தான் குடிக்கலாம்னு சொல்லியாச்சே."

இவ்வளவு தெரிந்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு பாலப் பொறியாளருக்குத் தினம் இரண்டு வேளை தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன். மறுநாளே குழு முன்னால் எழுந்து நின்று விளக்கினேன். சொந்தக் கண்டுபிடிப்பு போலத்தான் விளக்கினேன். மனைவி சொன்னது என்று சொல்ல மனம் வரவில்லை.

"தண்ணி சுவர் வழியா வெளிய போயிருக்கு சார்," என்றேன்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சுவர் வழியாவா?" என்றார் இயக்குநர்.

நான் சொன்னது பாட்டிலின் சுவர். அவர்கள் எழுந்து போய்ப் பார்த்தது கிடங்கின் சுவர். பாலப் பொறியாளருக்குக் கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு பொருள் கிடைத்துவிட்டது. சுவரைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, இரண்டு விரிசல்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு எண் கொடுத்தார். சுவருக்கு வெளியே ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். தண்ணீர் வெளியே வந்தால் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. எதில் பிடிப்பது என்று கேட்டதற்கு ஒரு வாளி கொடுத்தார்கள்.

நான் விடவில்லை. "அமுக்கினது வெளிக்காத்து சார், வெளிக்காத்து!" என்றேன்.

"அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று இயக்குநர் கடிந்துகொண்டார். அன்று மாலைக்குள் கிடங்கின் பதினாறு ஜன்னல்களையும் பலகை அடித்து மூடி, இடுக்குகளைச் சாந்து வைத்துப் பூசிவிட்டார்கள். 'அனுமதியின்றி வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது' என்று கதவில் பலகை தொங்கியது. அந்த வாசகத்தை எழுதியது நான். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஜன்னலை அடைத்ததும் கொட்டகை அடுப்பாகியது. அதிலிருந்து புதுத் தொல்லை ஆரம்பித்தது. வெளியே வாளியுடன் நின்ற காவலாளி ஒரு காலை வேளையில் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"உள்ள யாரோ தட்டுறாங்க சார்! டொக் டொக்குன்னு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஒரு ஊரே தட்டுது!"

குழு முழுவதும் போனது. வெயில் ஏற ஏற பாட்டிலுக்குள் அகப்பட்ட காற்று சூடாகி விரிந்து, குழி விழுந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாக 'டொக்' என்று வெளியே புடைத்துக்கொண்டிருந்தன. காலையில் கன்னம் ஒட்டிக் கிடந்தவை மதியத்தில் தேறி, புதுமாப்பிள்ளை மாதிரி நின்றன. சாயங்காலம் குளிர்ந்ததும் திரும்ப ஒட்டிக்கொண்டன.

"பாத்தீங்களா!" என்று இயக்குநர் கூவினார். "மாட்டிக்குவோம்னு பயந்து மத்தியானம் திருப்பி ஊத்திட்டுப் போறான்!"

"சாயங்காலம் மறுபடி எடுத்துடறான்," என்றார் சட்ட ஆலோசகர். "தினமும் எடுத்து, தினமும் வெச்சா அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு."

"மதியத்துல எடை போட்டுப் பாக்கலாமே சார்?" என்றேன். எடை கூடியிருக்காது, அதோடு உண்மை தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. தராசைப் பயன்படுத்த மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும், விண்ணப்பம் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

எவ்வளவு பூட்டியும் உள்ளே போய் வருபவன் சாவி இல்லாமல் போக முடியாது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. சாவி யாரிடம் இருக்கிறது? சாவியக்காவைப் பணி இடைநீக்கம் செய்தார்கள். ஆனால் சாவியை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமானால் இருப்பு முழுவதையும் எண்ணிக் காட்ட வேண்டும். பாட்டில்கள் சாட்சிப் பொருள் ஆகிவிட்டதால் அவற்றைத் தொட்டு எண்ணக் கூடாது. அதனால் உத்தரவு இப்படி வந்தது: 'மேற்படி பணியாளர் இடைநீக்கத்தில் இருந்துகொண்டே நாள்தோறும் பணிக்கு வந்து சாவியைப் பாதுகாக்க வேண்டும்.'

அந்த உத்தரவைத் தட்டச்சு செய்து அவர் கையில் கொடுத்தவன் நான். அவர் படித்துப் பார்த்து, நான்காக மடித்து, சாவி வளையத்தில் செருகிக்கொண்டார்.

"'மேற்படி'ன்னா நான்தானே சார்?" என்றார்.

"ஆமாக்கா."

"தமிழ் நல்லா இருக்கு," என்றார்.

இதற்குப் பத்து நாள் கழித்து, சாலை தோண்டியவர்கள் பெரிய குழாயை உடைத்துவிட்டார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கம் முழுவதற்கும் தண்ணீர் வருவது நின்றது. முதல் நாள் பக்கெட்டில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டாம் நாள் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்தது. மூன்றாம் நாள் காலை எங்கள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் குடங்கள், பக்கெட்டுகள், இடுப்பில் குழந்தைகள். யாரும் கத்தவில்லை. 'அவசரகாலக் கையிருப்பு இயக்ககம்' என்ற பலகையைப் படித்துவிட்டு வந்தவர்கள், அதில் எழுதியிருப்பதை நம்பி நின்றார்கள். அதுதான் பார்க்க முடியவில்லை.

இயக்குநரும் சட்ட ஆலோசகரும் வேறு ஊரில் 'கையிருப்பைக் காப்பது எப்படி' என்ற இரண்டு நாள் கருத்தரங்கில் இருந்தார்கள். இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மேடையில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி கூப்பிட்டேன். இப்போது வேறு மேடையில் இருக்கிறார் என்றார்கள்.

அப்போது மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க மருந்து வாங்க நூத்துக்கணக்குல நிக்கிறாங்க. மாத்திரையைக் கையில குடுக்கறேன், முழுங்கத் தண்ணி இல்ல. ஒரு பெரியவர் எச்சிலோட முழுங்கப் பாத்து தொண்டையில மாட்டி, முதுகுல தட்டி எடுத்தோம். உங்ககிட்டதான் நாப்பதாயிரம் பாட்டில் இருக்கே?"

"இருக்கு. ஆனா அது சாட்சிப் பொருள்."

"சரி. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை நான் மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன். மூன்றும் ஞாபகம் இருக்கிறது.

நான் கிடங்குக் கதவருகே போனபோது சாவியக்கா பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன பண்றீங்க? நீங்க இடைநீக்கத்துல இருக்கீங்க. திறக்கக் கூடாது."

"திறந்தா என்ன பண்ணுவாங்க சார்? நீக்கினவளை மறுபடி நீக்குவாங்களா?"

கதவு திறந்தது. உள்ளிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. சுவர்க் காவலாளி தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே முதல் பாட்டில் கட்டைத் தூக்கினார். மூன்று வாரம் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்த மனிதர், பாவம்.

"சார், சும்மா எடுத்துக் குடுத்தா அது நிஜமாவே திருட்டாயிடும்," என்றார் சாவியக்கா. விநியோகப் பதிவேட்டைக் கொண்டுவந்து பலகைமேல் விரித்தார். முப்பத்தொரு வருடத்தில் அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. தாள் பழுப்பேறியிருந்தது. "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். நீங்க பாத்தீங்கன்னு. இங்க போடுங்க."

அவர் விரல் வைத்துக் காட்டிய கட்டத்தில் போட்டேன். சாட்சிதானே, பார்த்தேன் என்றுதானே சொல்கிறோம், பார்ப்பது குற்றமில்லையே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டே போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு அதிகமில்லை. மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வண்டி போனது. வாசலில் நின்றவர்களுக்கு ஆளுக்கு நாலு பாட்டில். கன்னம் ஒட்டியதா, நெளிந்ததா என்று ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மா மூடியைத் திருகியதும் 'ப்ஸ்' என்று காற்று உள்ளே போய், பாட்டில் 'டொக்' என்று நிமிர்ந்தது. இடுப்பில் இருந்த குழந்தை சிரித்தது. "மறுபடி," என்றது. ஐந்து பேர் அதற்காக மூடியைத் திறந்து காட்டினார்கள். விசாரணைக் குழு மூன்று மாதமாகத் தேடிய விடையை அந்தக் குழந்தைக்கு முன்னால் ஐந்து முறை நிரூபித்தார்கள். குறிப்பெடுக்கச் செயலாளரிடம் காகிதம் இல்லை.

எல்லோரும் போன பிறகு பதிவேட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து இருந்த கட்டத்துக்கு மேலே 'ஒப்புதல் அளித்த அதிகாரி' என்று அச்சிட்டிருந்தது. சாட்சிக் கட்டம் அதற்கு இடப்பக்கம், காலியாக இருந்தது. காவலாளியின் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் திரும்பி வந்து முதல் நாள் முழுவதும் என்னைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்தார். இரண்டாம் நாள் சட்ட ஆலோசகர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, இயக்குநர் ஊரில் இல்லாதபோது இருப்பு ஆய்வாளர் அவசர ஒப்புதல் அளிக்கலாம் என்று ஒரு விதி இருப்பதைக் கண்டுபிடித்தார். யாரும் பயன்படுத்தாததால் அது புத்தம் புதிதாக இருந்தது. மூன்றாம் நாள் செய்தித்தாளில் படம் வந்தது. எங்கள் பெயர்ப்பலகைக்குக் கீழே சிரித்தபடி நிற்கும் மக்கள், கையில் நெளிந்த பாட்டில். நான்காம் நாள் பாராட்டுக் கூட்டம்.

"நான் ஊர்ல இல்ல," என்று இயக்குநர் மேடையில் பேசினார். "என் உத்தரவும் இல்ல. எனக்குத் தெரியவும் தெரியாது. அப்படி இருந்தும் வேலை நடந்திருக்குன்னா, அதுக்குப் பேருதான் தலைமை!"

பலத்த கைதட்டல். இந்த முறையும் தட்டினேன்.

குழுவின் இறுதி அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'சாட்சிப் பொருட்களைப் பொதுமக்கள் குடித்துவிட்டதால் விசாரணை முடிவுக்கு வருகிறது. உருமாற்றத்துக்குக் காரணம்: காலம். இடைநீக்கம் ரத்து. இனி வாங்கப்படும் தண்ணீர் மெலியாத ரகமாக இருக்க வேண்டும்' என்று இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதினேன். உவமை எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை.

எனக்கு 'துணிச்சல்மிக்க அலுவலர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டில் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அன்று என்ன தோன்றியது என்று கேட்பார்கள். "தோணினதைச் செஞ்சேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். அந்த நேரத்தில் மனைவி உள்ளே எழுந்து போய்விடுவாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இயக்குநர் என்னைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்த அந்த முதல் நாள், மதிய உணவு நேரத்தில், சட்டைப் பையில் ஒரு பிளேடை வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். கையெழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பிளேடை உறையிலிருந்து எடுத்தபடி உள்ளே போனால், பதிவேட்டுக்கு முன்னால் சாவியக்கா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கையில?"

"பென்சில் சீவ."

"பென்சிலைக் காணோமே."

மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. "கட்டம் மாறிப் போட்டுட்டேன்க்கா. நான் சாட்சின்னு நெனச்சுத்தான் போட்டேன். சரி பண்ணிடலாம்னு."

"நான் விரல் வெச்ச இடத்துலதானே சார் போட்டீங்க?"

"ஆமா."

"இருபத்தாறு வருஷமா அந்தப் பதிவேட்டை மாசாமாசம் தூசி தட்டி வெச்சிருக்கேன். எந்தக் கட்டம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"உங்ககிட்ட கேட்டிருந்தா ஒப்புதல் போட்டிருப்பீங்களா சார்?"

பிளேடை அதன் உறைக்குள் திரும்பப் போட்டு, உறையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் சாவியக்கா.

என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.